ஈஸ்டர் திங்கட்கிழமைப் பன்னீர்

ஜெர்மன் மொழியில் நான் சொன்ன முதல் பெரிய பொய் ஒரே ஒரு சொல்தான். அதற்கு முன்பு சொன்னவையெல்லாம் சில்லறைப் பொய்கள். கடைக்காரியிடம் "நன்றாகப் புரிகிறது" என்றது, எதிர்வீட்டுப் பெண்மணியிடம் "குளிர் பழகிவிட்டது" என்றது, அந்த வகை. அவற்றால் யார் குடியும் கெடவில்லை.

எண்பதுகளின் நடுவில், கல்யாணமான ஐந்தாம் மாதம், திருச்சியிலிருந்து சுவிட்சர்லாந்து வந்து சேர்ந்தேன். பாடனுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய ஊர். கணவருக்கு ஒரு தொழிற்சாலையில் பொறியாளர் வேலை. வீடும் அவர்கள் எடுத்துக் கொடுத்ததுதான், மூன்றாம் மாடியில் இரண்டு அறை. காலையில் அவர் பஸ் ஏறிப் போனபின் மாலை ஆறு மணிவரை நானும் சுவர்க்கடிகாரமும்தான். மாடிப்படியில் எதிர்ப்படுகிறவர்கள் "க்ரூட்ஸி" என்று வணக்கம் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார்கள். மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் மரியாதையை வைத்துக்கொண்டு ஒரு மத்தியானத்தைக்கூடக் கழிக்க முடியாது.

கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவரை அங்கே அப்வார்ட் என்பார்கள். படி துடைப்பது, பனி தள்ளுவது, எரிந்துபோன பல்பை மாற்றுவது எல்லாம் அவர் வேலை. தரைத்தளத்தில் ஒரு வீடு அந்த வேலையோடு சேர்ந்து வரும். எங்கள் அப்வார்ட் ஒரு ஹங்கேரிக்காரர். அறுபது வயதிருக்கும். ஐம்பத்தாறாம் வருடத்துக் கலவரத்தில், பனியில் நடந்து எல்லை தாண்டி மனைவியோடு வந்தவர். பிள்ளைகள் இல்லை. நாங்கள் வருவதற்கு முந்தைய வருடம்தான் மனைவி இறந்திருந்தார்.

அவரோடு பேச ஆரம்பித்தது என் முட்டாள்தனத்தால்தான். நிலவறையில் எல்லோருக்கும் பொதுவான துணி துவைக்கும் இயந்திரம் ஒன்று இருந்தது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒரு வீட்டின் முறை வரும். என்னுடைய முதல் முறையில், சாயம் போகிற சிவப்புச் சுங்குடிப் புடவையை வெந்நீரில் ஓடவிட்டேன். இயந்திரத்துக்குள் ரத்தக்களறி. அடுத்த முறைக்காரி மாடியில் வெள்ளை விரிப்புகளைக் கூடையில் அடுக்கிக்கொண்டு காத்திருக்கிறாள். நான் அழுகிற நிலைமையில் நின்றபோது அவர் வந்து எட்டிப்பார்த்தார். பிறகு மாடிக்குப் போய், இயந்திரத்தில் ஏதோ கோளாறு, அரைமணி நேரம் பொறுங்கள் என்று அந்தப் பெண்மணியிடம் சொல்லிவிட்டு வந்து, வெறும் தண்ணீரை இரண்டு தடவை ஓடவிட்டுச் சுத்தம் செய்தார். என் பெயர் வெளியே வரவில்லை.

சுவிஸ்காரர்களின் பேச்சு எனக்குச் சுத்தமாகப் புரியாது. அவர் பேசிய ஜெர்மன் புரிந்தது. எனக்குப் போலவே அவருக்கும் அது இரவல் மொழி. ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்துப் பேசுவார். நான் இந்தியா என்று தெரிந்ததும் அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே! வீட்டுக் கதவை விரியத் திறந்துவைத்து, உள்ளே சுவரில் மாட்டியிருந்த ஆசியப் படத்தைக் காட்டினார். ஹங்கேரிப் பக்கத்திலிருந்து இமயமலைவரை பென்சிலால் ஒரு கோடு இழுத்திருந்தது. நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால் அவர் இனத்துக்காரர் ஒருவர், ஹங்கேரியர்களின் மூதாதையர் கிழக்கே எங்கோ இருக்கிறார்கள் என்று தேடிக் கிளம்பினாராம். மூதாதையர் கிடைக்கவில்லை. இமயமலைக் குளிரில் மடங்களில் உட்கார்ந்து திபெத்திய மொழிக்கு அகராதி செய்தாராம். கடைசியில் காய்ச்சல் கண்டு டார்ஜிலிங்கில் இறந்தார். கல்லறையும் அங்கேதான். ஹங்கேரியில் பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூட இது தெரியும் என்றார்.

"எங்கள் ஆள் ஒருவர் உங்கள் மண்ணில் படுத்திருக்கிறார். அதனால் நீங்களும் நானும் சொந்தம்" என்றார்.

எனக்கு டார்ஜிலிங் என்றால் தேயிலை டப்பாவில் படித்த பெயர்தான். திருச்சிக்கும் அதற்கும் உள்ள தூரம், அவர் ஊருக்கும் சுவிஸுக்கும் உள்ள தூரத்தைவிட இரண்டு மடங்கு. ஆனால் அந்தத் தேசத்தில் அதுவரை யாரும் என்னைச் சொந்தம் என்று சொன்னதில்லை. தலையாட்டி வைத்தேன்.

அதன்பின் வாரத்தில் ஒருநாளாவது படியில் நின்று பேசுவோம். அவர் பால்கனியில் சிவப்பு மிளகாயைக் கோத்துக் காயப்போட்டிருப்பார். அதில் ஒரு சரம் எனக்கு வரும். நான் எலுமிச்சம்பழச் சாதம் கொண்டுபோய்க் கொடுப்பேன். கண்ணில் நீர் வழியச் சாப்பிட்டுவிட்டு "நம் சாப்பாடு" என்பார். நான் சொல்கிற எல்லாவற்றிலும் அவருக்கு ஒரு ஹங்கேரி கிடைத்துவிடும். எனக்குச் சிரிப்பு வரும், கொஞ்சம் பெருமையாகவும் இருக்கும்.

ஒருநாள் ஈஸ்டர் பண்டிகையைப் பற்றிச் சொன்னார். ஈஸ்டருக்கு மறுநாள், திங்கட்கிழமை, அவர்கள் ஊரில் ஆண்கள் வீடு வீடாகப் போவார்களாம். பெண்களை வாடாத பூ என்று ஒரு சின்னப் பாட்டுச் சொல்லி, தண்ணீர் தெளிக்கலாமா என்று கேட்பார்களாம். சரி என்றால் தலையில் தண்ணீரோ வாசனைத் தண்ணீரோ தெளிப்பார்கள். அந்தப் பெண் பதிலுக்குச் சாயம் தீட்டிய முட்டை ஒன்றைக் கொடுக்க வேண்டும். தண்ணீர் படாத பெண் அந்த வருடம் வாடிவிடுவாள் என்பது நம்பிக்கை. "முப்பது வருடம் என் மனைவிக்குத் தெளித்தேன். இப்போது புட்டி அலமாரியில் சும்மா இருக்கிறது" என்றார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். எங்கள் ஊர்க் கல்யாணங்களில் வாசலில் பன்னீர்ச் செம்போடு பெண்கள் நிற்பார்கள், வருகிறவர்கள் மேல் தெளிப்பார்கள், நானே எத்தனையோ கல்யாணத்தில் நின்று தெளித்திருக்கிறேன் என்று கையை ஆட்டிக் காட்டினேன். அவர் கைப்பிடிச் சுவரில் தட்டி, "பார்த்தீர்களா! நான் சொன்னேன் இல்லையா!" என்று கத்தினார். அந்த உற்சாகம் எனக்கும் தொற்றிக்கொண்டது.

"அப்ப வாங்களேன். எனக்குத் தெளியுங்க" என்று தெரிந்த ஜெர்மனில் சொன்னேன். ஆக, அழைத்தவள் நான்.

அந்தத் திங்கட்கிழமை காலை கணவர் ஜூரிக் விமான நிலையத்துக்குப் போயிருந்தார். சென்னையிலிருந்து அலுவலக நண்பர் ஒருவர் வருகிறார், அம்மா கொடுத்தனுப்பிய அப்பளமும் ஊறுகாயும் அவர் பெட்டியில் வருகின்றன. பதினோரு மணிக்கு மணி அடித்தது. திறந்தால் அப்வார்ட். கறுப்புக் கோட்டும் தொப்பியும், ஷூ பளபளவென்று. கையில் கொலோன் என்கிற வாசனைத் தண்ணீர்ப் புட்டி. வாசற்படிக்கு வெளியேதான் நின்றார், உள்ளே ஒரு அடி வைக்கவில்லை. தொப்பியைக் கழற்றி, ஹங்கேரிய மொழியில் நாலு வரி சொன்னார். பிறகு ஜெர்மனில், "அனுமதி உண்டா?" என்று கேட்டார்.

"ஜா, ஜா" என்று சிரித்துக்கொண்டே தலையைக் குனிந்தேன். நாலு சொட்டு இருக்கும். குளிர்ந்து வகிட்டில் இறங்கியது. என்னவோ தெரியவில்லை, எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஊரை விட்டு வந்தபின் என்னை யாரும் ஒரு பண்டிகைக்கு உரியவளாக நினைத்ததில்லை.

பதிலுக்கு முட்டை கொடுக்க வேண்டும். எங்கள் வீட்டில் முட்டை வாங்குவதே கிடையாது, சைவம். நான் முழித்தேன். பிறகு ஓடிப்போய் ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து, அதன்மேல் குங்குமம் வைத்து, பெரியவர்களுக்குக் கொடுப்பதுபோல் இரண்டு கையாலும் கொடுத்தேன். அவர் அதைத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு படி இறங்கினார். பாட்டுச் சத்தம் கீழ்வரை கேட்டது.

ஒரு மணிக்குக் கணவரும் நண்பரும் வந்தார்கள். கொலோன் வாசனை போகவில்லை. நண்பர் ஷூவைக் கழற்றும்போதே மூக்கை இழுத்தார்.

"வீடே கமகமன்னு இருக்கே. என்ன அண்ணி, சென்ட் மழையா?"

கணவர் என்னைப் பார்த்தார். எங்கள் வீட்டில் சென்ட் கிடையாது என்று அவருக்குத் தெரியும். "தலையில என்ன வாசனை?" என்றார்.

"அந்த அப்வார்ட் வந்தாருங்க. இன்னைக்கு அவங்க ஊர்ல ஏதோ பண்டிகையாம். தண்ணி தெளிச்சுட்டுப் போனார்" என்றேன். அதுவரை உண்மைதான்.

நண்பர் பெரிதாகச் சிரித்தார். "தெளிச்சுட்டுப் போனாரா! நீங்க பார்த்துட்டா நின்னீங்க அண்ணி? வேணாம்னு சொல்லலையா?"

அந்த மனிதருக்கு வாய் நீளம். இங்கே சொன்னது அடுத்த மாதம் சென்னை அலுவலகத்தில் டீயோடு பரிமாறப்படும், அங்கிருந்து திருச்சிக்கு வரும், என் மாமியார் காதில் விழும். ஆம்பளை வீட்டில் இல்லாத நேரத்தில் ஒருத்தனுக்குத் தலையைக் குனிந்து காட்டினாளாம், பழம் வேறு கொடுத்தாளாம். இத்தனையும் என் மண்டைக்குள் ஒரு நொடியில் ஓடியது.

"சொல்றதுக்குள்ள தெளிச்சுட்டார்" என்றேன்.

நண்பர் சிரிப்பை நிறுத்தினார். "சார், இது விளையாட்டு இல்ல. தனியா இருக்கற பொம்பளைன்னா இவனுங்களுக்கு எளக்காரம். இன்னைக்குத் தண்ணி, நாளைக்கு என்னவோ. விடக்கூடாது." என் கணவர் இயல்பில் சண்டைக்காரர் இல்லை. ஆனால் விருந்தாளி முன்னால் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவும் அவரால் முடியவில்லை. மறுநாளே தொழிற்சாலையில் வீடுகளைக் கவனிக்கிற பிரிவில் புகார் கொடுத்துவிட்டு வந்தார். கட்டடத்தில் பாதி வீடுகள் தொழிற்சாலை எடுத்தவை. அவர்கள் சொன்னால் கட்டட நிர்வாகம் கேட்கும்.

பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். பழி தரைத்தளத்துக்குப் போய்விட்டது. பாவம் மூன்றாம் மாடியில் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தது. இரண்டு நாள் இருந்தது, உண்மையைச் சொல்ல. கணவர் சாப்பிடும்போது சொல்லலாம், தூங்கும் முன் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். ஒரு வாக்கியம்தான். அதைச் சொன்னால், நேற்று ஏன் சொல்லவில்லை என்பதற்கும் ஒரு வாக்கியம் வேண்டும். அது என்னிடம் இல்லை.

வியாழக்கிழமை நிர்வாகத்திலிருந்து ஒருவர் வந்தார். ஒல்லியானவர், கையில் ஒரு கோப்பு, மிகவும் பண்பாகப் பேசினார். அப்வார்டையும் கூடவே அழைத்து வந்திருந்தார். நாங்கள் மூவரும் உட்கார்ந்தோம். அவர் மட்டும் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றார். உட்காருங்கள் என்று நான்கூடச் சொல்லவில்லை. அவர் முகத்தில் பயம் எதுவும் இல்லை. உண்மை தெரிந்தவள் நான் இருக்கிறேன், நான் பேசினால் முடிந்தது என்ற தெம்பில், எனக்கு லேசாகத் தலையாட்டி வணக்கம் சொன்னார்.

வந்தவர் எனக்குப் புரியவேண்டும் என்று மெதுவாகக் கேட்டார். "இவர் உங்களிடம் அனுமதி கேட்டாரா?"

கணவர் என் பக்கத்தில் இருந்தார். நான் அவருடைய முழங்காலைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"நைன்."

இல்லை என்கிற அந்த ஒரு சொல்தான். வந்தவர் எழுதிக்கொண்டார். பிறகு கதவுப் பக்கம் திரும்பி, "நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்றார்.

அவர் சொல்லியிருக்கலாம். இந்தப் பெண்தான் வரச்சொன்னாள், சிரித்தாள், பழம் கொடுத்தாள், பழம் என் வீட்டு மேசையில் இருக்கிறது, வந்து பாருங்கள் என்று ஒவ்வொன்றாக அடுக்கியிருக்கலாம். அவர் என்னைப் பார்த்தார். பிறகு என் கணவரைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

"அந்த அம்மா சொல்வது சரி" என்றார்.

எங்கள் பக்கத்துக் கிராமக் கோயில்களில் வெட்டுவதற்கு முன் ஆட்டின் தலையில் தண்ணீர் தெளிப்பார்கள். அது தலையைச் சிலுப்பினால் சம்மதம் என்று அர்த்தம். இங்கே தண்ணீர் தெளித்ததற்குத் தலையை ஆட்டியவள் நான். வெட்டு விழுந்தது அவருக்கு.

நிர்வாகத்துக்கும் ஒரு சாக்கு வேண்டியிருந்ததோ என்னவோ. வயதானவருக்கு வீடும் கொடுத்துச் சம்பளமும் கொடுப்பதைவிடத் துப்புரவுக் கம்பெனிக்கு விட்டால் மலிவு என்று பேச்சிருந்ததாகப் பிறகு எதிர்வீட்டில் சொன்னார்கள். அதைக் கேட்டதும் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. எப்படியும் போயிருக்கும் வேலைதானே என்று நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்ததற்காகவும் இப்போது வெட்கப்படுகிறேன்.

வேலையோடு வீடும் போயிற்று. ஜூன் கடைசிவரை தவணை கொடுத்தார்கள். அதுவரை ஒருநாள் தவறாமல் படி துடைத்தார். வாளிச் சத்தம் கேட்டால் நான் கதவைத் திறக்க மாட்டேன். அவர் ஒரு மாடி இறங்கட்டும் என்று காத்திருந்து பால் வாங்கப் போவேன். இரண்டு தடவை எதிரே அகப்பட்டுவிட்டேன். "க்ரூட்ஸி" என்றார், மற்றவர்களைப் போலவே. எல்லோரிடமும் கேட்டுப் பழகிய வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தபோது அடித்ததுபோல் இருந்தது. அவர் போன அன்று சமையலறைத் திரைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். இரண்டு பெட்டிகள், சுருட்டிய ஆசியப் படம். மேலே அவர் பார்க்கவில்லை.

இரண்டு வருடம் போயிற்று. ஒரு சனிக்கிழமை ஜூரிக்கில் கறிவேப்பிலை விற்கிற கடையில் யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவரைப் பார்த்தேன். அப்போதுதான் இலங்கைத் தமிழர்கள் அகதிகளாக நிறைய வர ஆரம்பித்திருந்தார்கள். தமிழில் பேசினால் போதும், கடை என்றும் பார்க்காமல் அரைமணி நேரம் நிற்போம். ஷாஃப்ஹவுசனில் ஒரு ஹோட்டல் சமையலறையில் பாத்திரம் கழுவுவதாகச் சொன்னார்.

"தனிய இல்லை அக்கா. எங்கட குசினியில ஒரு ஹங்கேரிக்காரரும் நிக்கிறார். வயசாளி. இந்தியா எண்டால் காணும், கதைச்சுக்கொண்டே இருப்பார். நான் சிலோன் எண்டு எத்தினை தரம் சொன்னாலும் விடமாட்டார், நீயும் எனக்குச் சொந்தம் எண்டுவார்."

என் கையில் இருந்த கறிவேப்பிலைக் கட்டைக் கீழே வைத்துவிட்டேன். "அவர் முன்னாடி எங்க வேலை பார்த்தாராம்?"

"பாடன் பக்கம் ஒரு கட்டடத்தில அப்வார்டா இருந்தவராம். ஏன் விட்டனீங்கள் எண்டு கேட்டால் சொல்லமாட்டார். இப்ப குசினிக்கு மேல ஒரு சின்ன அறையில இருக்கிறார். சவர்க்காரத் தண்ணியில கையெல்லாம் தோல் உரிஞ்சுபோச்சு, பாவம். ஏன் அக்கா, தெரிஞ்ச ஆளோ?"

"தெரியும்" என்றேன்.

அடுத்த புதன்கிழமை கணவர் வேலைக்குப் போனதும் ரயில் ஏறினேன். ஜூரிக்கில் மாறி ஷாஃப்ஹவுசன் போகும்வரை ஒரே வாக்கியத்தை மனப்பாடம் செய்தேன். நான் பொய் சொன்னேன், என்னை மன்னியுங்கள். இரண்டு வருடத்தில் என் ஜெர்மன் தேறியிருந்தது, தவறில்லாமல் சொல்ல வந்தது. அவர் திட்டினால் வாங்கிக்கொள்வது, அழுதால் நானும் சேர்ந்து அழுவது, வீட்டுக்குத் திரும்பிக் கணவரிடமும் சொல்லி நிர்வாகத்துக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்வது என்று எல்லாம் முடிவு செய்திருந்தேன். உண்மையாகவே முடிவு செய்திருந்தேன்.

ஹோட்டலின் பின்வாசலில் காத்திருந்தேன். யாழ்ப்பாணத்துக்காரர் உள்ளே போய்ச் சொல்லி அவரை அனுப்பிவைத்தார். ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். இளைத்திருந்தார். கை விரல்கள் வெந்ததுபோல் சிவந்து, முட்டிகளில் வெடித்திருந்தன. என்னைக் கண்டதும் நின்றுவிட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் ஆரம்பித்தார்.

"நீங்கள் வந்தது நல்லதாயிற்று. நானே எழுதவேண்டும் என்று இருந்தேன். எழுதினால் உங்கள் வீட்டில் தொந்தரவாகும் என்று விட்டுவிட்டேன். எங்கள் ஊரில் நாலைந்து பேராகச் சேர்ந்துதான் போவோம். வீட்டில் புருஷன் இருப்பார், அப்பா இருப்பார். அன்றைக்கு நான் தனியாக வந்தேன், நீங்களும் தனியாக இருந்தீர்கள். உங்களுக்கு என்ன கஷ்டம் வரும் என்று யோசிக்கவில்லை. என்னால் நீங்கள் அந்த அறையில் அப்படி உட்கார வேண்டியதாயிற்று. என்னை மன்னிக்க வேண்டும்."

இரண்டு கையையும் மார்போடு சேர்த்து, நான் எப்போதோ படியில் நின்று செய்து காட்டியபடியே, கும்பிட்டார்.

என் வாக்கியம் தொண்டையில் தயாராக இருந்தது. ஒன்றும் கஷ்டமில்லை, வாயைத் திறந்தால் போதும். அவருடைய நிம்மதியைக் கெடுக்க வேண்டாம் என்றுதான் சொல்லவில்லை என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். அதுவும் பொய். அவர் குற்றத்தைத் தன் தலையில் போட்டுக்கொண்ட அந்த நிமிடம் எனக்குச் சுகமாக இருந்தது. மன்னிப்புக் கேட்கவேண்டியதும் இல்லை, கணவரிடம் சொல்லவேண்டியதும் இல்லை, கடிதமும் வேண்டியதில்லை. இன்றுவரை என் கணவருக்கு எதுவும் தெரியாது.

"பரவாயில்லை" என்றேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி மறுபடி நன்றி சொன்னார். உள்ளேயிருந்து யாரோ கூப்பிட, அவர் பாத்திரம் கழுவப் போனார். மன்னிப்புக் கேட்கப் போன நான், அவரை மன்னித்துவிட்டு வீடு திரும்பினேன்.